விழியின் உள்வலையும் சீனியின் முடிச்சும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், கடலோசை ஓயாத தலவில என்னும் ஊரிலே, புனித அன்னம்மாளின் திருத்தலம் அமைந்திருக்கின்றது. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நிகழும் பெருவிழாக்களுக்கு இலங்கையின் நாற்றிசையினின்றும் தமிழரும் சிங்களவரும் திரண்டு வருவர். ஒரே பீடத்தின் முன்னே தத்தம் மொழியில் மன்றாடுவர். அன்னம்மாள் இயேசுபிரானின் பாட்டியார். ஆதலின், ஆச்சிமாரையும் அப்புமாரையும் பேரப்பிள்ளைகள் கைபிடித்து அழைத்து வரும் காட்சி அத்தலத்துக்கு மிகப் பொருத்தமானதே. ஆனால், அவ்வாறு கைபிடித்து நடத்துவதற்குத் துயரமான காரணமும் சில வேளைகளில் உண்டு. மணலில் அடியெடுத்து வைக்கத் தடுமாறும் முதியவரைக் கண்டால், வயது போனால் கண் தெரியாதுதானே என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். அவர்களுள் சிலருடைய பார்வையைக் கவர்ந்தது வயதன்று. சலரோகம் என்று நம் முன்னோரும், சீனி வருத்தம் என்று ஊராரும், நீரிழிவு என்று நூலோரும் அழைக்கும் நோயே அதனைக் கவர்ந்தது.

இந்நோய் நம் நாட்டில் அரிதானதன்று. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்றின்படி, இலங்கையில் 20 வயதும் அதற்கு மேலும் உடையோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர், தமக்கு நோய் இருப்பதையே அதுவரை அறியாதிருந்தனர். நீரிழிவு காலிற் புண்ணை ஆறவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைப் பலரும் அறிவர். இரத்தத்திலே கரைந்திருக்கும் சீனி, கண்ணை எவ்வாறு கெடுக்கின்றது? இவ்வாரம் இப்பகுதியில் அதனை ஆராய்வோம். இரசாயனம் பயிலும் மாணவருக்கும், வீட்டில் நீரிழிவாளரைப் பேணும் தாய்மாருக்கும் இது ஒருங்கே பயன்படும் என நம்புகிறோம்.

கடற்பாசியும் கண்ணும்

புத்தளம் களப்பிலே வளரும் கடற்பாசியை அப்பகுதித் தாய்மார் நன்கு அறிவர். நோன்புக் காலத்தில் கடற்பாசியை நீரிலிட்டுக் காய்ச்சி, பாலும் சீனியும் சேர்த்து ஆறவைத்தால், கத்தியால் வெட்டக்கூடிய துண்டாக அஃது உறைந்துவிடும். அத்துண்டிலே பெரும் பங்கு வெறும் நீரே. சிறிதளவு பாசிச் சத்து, கண்ணுக்குப் புலனாகாத நூல்வலையாகப் பரந்து, அவ்வளவு நீரையும் ஓடவிடாது பிடித்து நிறுத்துகின்றது. நம் விழியினுள்ளும் இத்தகைய பளிங்குக் கூழ் ஒன்று இருக்கின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

விழிக்கோளத்தின் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பி நிற்கும் இக்கூழுக்குக் கண்ணாடியுடனீர் என்பது பெயர். வளர்ந்த ஒருவரின் கண்ணில் இது ஏறக்குறைய 4 மில்லிலீற்றர் அளவினது. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீரே. எஞ்சியுள்ள சிறு பங்கில் இரண்டு பொருள்கள் முதன்மை வாய்ந்தவை. ஒன்று, கொலாஜன் என்னும் புரதத்தாலான நுண்ணிழைகள். மற்றையது, ஐயலுரோனிக் அமிலம். கார்ல் மேயர், ஜோன் பாமர் ஆகிய இருவரும் 1934ஆம் ஆண்டில் இவ்வமிலத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணாடியுடனீரிலிருந்தேயாம். கொலாஜன் இழைகள் வலையாக நிற்க, அவ்வமிலம் நீரை ஈர்த்து வைத்துக்கொண்டு, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி இடைவெளி காக்கின்றது.

ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஒன்றோ இரண்டோ கூறுதான் இவ்விழை ஒன்றின் தடிப்பு. இத்துணை மெல்லியனவாகவும் விலகி விலகியும் இருப்பதனாலேயே ஒளி தடையின்றி ஊடுருவிச் சென்று, பின்னால் உள்ள விழித்திரையிற் படுகின்றது. விழித்திரை என்பது உட்சுவரில் ஒட்டிய மெல்லிய நரம்புப் படலம். நாம் காணும் உருவங்கள் யாவும் விழுவது அதன்மேலேயே. கண்ணாடியுடனீரின் புறவோரம் அத்திரையோடு இலேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வை நரம்பு புறப்படும் இடத்திலும், கூர்ந்த பார்வைக்குரிய மஞ்சட்புள்ளியிலும், இரத்தக் குழாய்களின் வழியிலும், திரையின் முன்விளிம்பிலும் அவ்வொட்டு இறுக்கமானது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் இடருக்கு இதுவே வித்து.

மூன்று புரிகொண்ட கயிறு

கொலாஜன் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய யாவற்றுக்கும் வலுவைத் தருவது அதுவே. மீனின் தோலையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சினால் பசைபோன்ற குழம்பு தோன்றுவதும் கொலாஜனாலேயே. இப்புரதத்தின் உட்கட்டமைப்பை முதன்முதலில் உலகுக்கு உணர்த்திய பெருமை தமிழ்நாட்டின் தலைநகருக்கு உரியது என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கோ. நா. இராமச்சந்திரன். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் ஜே. டி. பேர்னல், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் கூறினார். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அக்கேள்வியைக் கையிலெடுத்தனர். கங்காருவின் வாற்றசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனில் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி, கிடைத்த புள்ளிக்கோலங்களை ஆராய்ந்து, 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். கொலாஜன் மூலக்கூறு, மூன்று புரதச் சங்கிலிகள் கூடிய முப்புரிக் கட்டமைப்பு என்பதே அம்முடிவு. அம்மூன்றும் கயிற்றுப் புரிபோல ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றுகின்றன என்பதை அடுத்த ஆண்டிலேயே திருத்தமாகக் காட்டினர். அறிவியல் உலகம் இதனைச் சென்னைச் சுருள் என்று இன்றும் போற்றுகின்றது.

இம்முப்புரிகள் பல அடுக்காகச் சேர்ந்து இழையாகும்போது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளக் குறுக்குக் கட்டுகள் தேவை. இவற்றை உடலே தன் நொதிகளைக் கொண்டு, குறித்த இடங்களில், குறித்த அளவில் அமைத்துக்கொள்கின்றது. கரைவலை பின்னும் வலைஞர், கண்ணுக்குக் கண் அளவெடுத்து முடிச்சிடுவதை ஒத்த வேலை அது. அம்முடிச்சுகள் இல்லையேல் வலை வலையாகாது. ஆனால், பின்னி முடிந்த வலையிலே எவரோ வந்து கண்ட கண்ட இடத்தில் மேலும் முடிச்சிட்டால் என்னவாகும்? சீனி செய்யும் வேலை அதுவேயாகும்.

பாணின் பொன்னிறம்

பாணை நெருப்பில் வாட்டினால் பொன்னிறமாகின்றது. நல்ல மணமும் எழுகின்றது. மாவிலுள்ள புரதத்தின் அமினோக் கூட்டமும் சீனியும் சேர்ந்து நிகழ்த்தும் இத்தாக்கத்தை 1912ஆம் ஆண்டில் விவரித்தவர் பிரான்சிய நாட்டு லூயி கமீல் மையார். கற்பிட்டிக் கருவாடு நெடுநாள் கிடந்தால் பழுப்பேறுவதற்கும் இத்தாக்கம் ஒரு காரணம். அடுப்பின் வெம்மையில் நிமிடங்களில் நடப்பது, உடலின் வெம்மையில் மாதங்களாக, ஆண்டுகளாக நடக்கின்றது. நாம் உயிரோடிருக்கும் காலமெல்லாம் நம் புரதங்கள் மிக மெல்லப் பொன்னிறமாகிக்கொண்டேயிருக்கின்றன எனலாம்.

இது நடக்கும் முறையை மூன்று படிகளாகக் காண்போம். குளுக்கோசு மூலக்கூறு பெரும்பாலும் வளையமாகச் சுருண்டு கிடக்கும்; பல்லாயிரத்தில் ஒன்றே எந்நேரத்திலும் வளையம் திறந்து நிற்கும். அவ்வாறு திறந்து நிற்பது, கொலாஜனிலுள்ள இலைசீன் என்னும் அமினோ அமிலத்தின் நுனியைப் பற்றிக்கொள்ளும். இது முதற்படி. இப்பிடி தளர்ந்தது, இரத்தத்திற் சீனி குறைந்தால் சில மணி நேரத்தில் தானே விட்டுவிடும். விடாது நின்றால், சில நாட்களிலும் வாரங்களிலும் அணுக்கள் இடம் மாறி, உறுதியான பிணைப்பு உண்டாகும். இதனை அமடோரி விளைபொருள் என்பர்; இது இரண்டாம் படி. பின்னர் மாதங்களும் ஆண்டுகளும் கடக்க, பல மாற்றங்களுக்குப் பின், மீளமுடியாத இறுதிப் பொருள்கள் தோன்றும். அவற்றுட் சில, அருகருகே உள்ள இரண்டு கொலாஜன் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுகின்றன. இது மூன்றாம் படி. இத்தகைய பிணைப்புகளுள் ஒன்றான பென்ரோசிடீனை 1989ஆம் ஆண்டில் டேவிட் செல், வின்சன்ற் மொனியர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இனங்கண்டனர்.

இங்கே நொதி எதுவும் வேலை செய்யவில்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். அளவும் இல்லை, குறித்த இடமும் இல்லை. சீனி எவ்வளவு மிகுதியோ, எவ்வளவு காலம் மிகுதியாய் நின்றதோ, அவ்வளவுக்கு முடிச்சுகள் பெருகும். நோயற்றவர் உடலிலும் வயதோடு இவை சேரவே செய்யும். நீரிழிவாளர் உடலிலோ விரைந்து சேரும். 1992ஆம் ஆண்டில் சேபாக் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும், நீரிழிவால் கண்நோய் முற்றியோருக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது எடுத்த கண்ணாடியுடனீரை ஆராய்ந்தனர். அதன் கொலாஜனில் சீனி பற்றிய தடயங்களும், மிகுதியான குறுக்குப் பிணைப்புகளும் இருப்பதைக் கண்டனர்.

உடல் எழுதும் கணக்கு

எல்லாப் புரதங்களையும் சீனி பற்றுகின்றதெனின், கொலாஜனுக்கு மட்டும் என்ன தனிக்கேடு என்று வாசகர் வினவலாம். விடை அதன் நீண்ட ஆயுளில் இருக்கின்றது.

இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினையும் குளுக்கோசு பற்றுகின்றது. 1968ஆம் ஆண்டில் தெஹரான் நகரில் சாமுவேல் ரஹ்பார் என்னும் அறிஞர், நீரிழிவாளரின் இரத்தத்தில் இத்தகைய மாறிய ஈமோகுளோபின் மிகுந்திருப்பதைக் கண்டார். இன்று வைத்தியர்கள் எழுதித்தரும் எச்பிஏ1சி என்னும் பரிசோதனை அக்கண்டுபிடிப்பின் வழி வந்ததே. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாட்களே வாழும். ஆதலின் அப்பரிசோதனை சென்ற இரண்டு மூன்று மாதங்களின் கணக்கை மட்டும் காட்டும். பழைய கலம் அழிந்து புதிய கலம் பிறக்கும்போது பழைய கணக்கும் அழிந்துவிடும்.

கொலாஜன் அவ்வாறு அழிந்து பிறப்பதன்று. தோலின் கொலாஜன் பாதியளவு புதுப்பிக்கப்படுவதற்கே ஏறக்குறைய 15 ஆண்டுகள் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. குருத்தெலும்பின் கொலாஜனுக்கோ ஒரு மனித ஆயுளே போதாது. கண்ணாடியுடனீரிலுள்ள கொலாஜன், அக்குருத்தெலும்பில் இருக்கும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. எனவே இளமையில் எழுதிய கணக்கு முதுமை வரை அழியாமல் நிற்கும்.

இதற்கு ஓர் உறுதியான சான்று உண்டு. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுடைய 1,441 பேரை இரு குழுக்களாகப் பிரித்து ஒரு பேராய்வு நடத்தினர். ஒரு குழுவினர் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினர். மற்றையோர் வழமையான சிகிச்சையைப் பெற்றனர். தொடக்கத்தில் கண்நோய் இல்லாதிருந்தவர்களுள், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோருக்கு அந்நோய் புதிதாகத் தோன்றும் ஆபத்து நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. ஆய்வு முடிந்தபின் இரு குழுவினரின் சீனி அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆயினும், முன்னர் நன்கு கட்டுப்படுத்தியோரின் கண்கள் பல ஆண்டுகள் கழிந்தும் மற்றையோரின் கண்களைவிட நலமாகவே இருந்தன. அவர்களுடைய தோலிலிருந்து எடுத்த கொலாஜனை ஆராய்ந்தபோது, சீனி மிகுதியாகப் பற்றியிருந்தவர்களுக்கே பிற்காலத்தில் கண்நோய் மிகுதியாக வளர்ந்தது என்பதும் புலனாயிற்று. கடந்த காலத்தை உடல் மறப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இழுபடும் திரை

இனி, முடிச்சு விழுந்த வலை கண்ணினுள் என்ன செய்கின்றது என்று காண்போம். கேடு இரண்டு இடங்களில் ஒரே காலத்தில் தொடங்குகின்றது.

முதலாவது இடம் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள். அவற்றின் அடிப்படலம் நான்காம் வகைக் கொலாஜனால் ஆனது. நீரிழிவில் அப்படலம் தடிக்கின்றது. குழாயைத் தாங்கும் கலங்கள் மடிகின்றன. சுவர் சிறு குமிழிகளாகப் புடைக்கும். நீரும் கொழுப்பும் கசியும். சில குழாய்கள் அடைபடும். அடைபட்ட இடத்தில் ஒட்சிசன் பற்றாக்குறை உண்டாக, பசித்த திரை புதிய குழாய்களை வளர்க்கும்படி இரசாயனக் கட்டளைகளை அனுப்பும். அவ்வாறு அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை, தொட்டால் உடைபவை.

இரண்டாவது இடம் கண்ணாடியுடனீர். முதுமையில் இக்கூழ் மெல்ல நீராக இளகுவதும், பின்னர் விழித்திரையினின்றும் அமைதியாகக் கழன்றுகொள்வதும் இயற்கை. அறுபது வயதைக் கடந்தோர் பலருக்கு இது நிகழ்கின்றது. நீரிழிவாளரின் கண்ணிலோ இவ்வொழுங்கு குலைகின்றது. குறுக்குப் பிணைப்புகளால் இழைகள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்ள, இடையிலிருந்த நீர் பிரிந்து, கூழ் காலத்துக்கு முன்பே இளகிவிடும். ஆனால், விழித்திரையோடு உள்ள ஒட்டு அதே வேகத்தில் விடுபடுவதில்லை. சுருங்க விரும்பும் வலை ஒருபுறம், விட மறுக்கும் ஒட்டு மறுபுறம். இடையிலே மெல்லிய நரம்புத் திரை இழுபடுகின்றது.

இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் பேரிடர் விளைகின்றது. புதிதாய் முளைத்த குழாய்கள், பந்தலைப் பற்றும் கொடிபோலக் கண்ணாடியுடனீரின் பின்புறத்தைப் பற்றி வளர்கின்றன. அப்பந்தல் சுருங்கி இழுக்கும்போது கொடி அறுகின்றது. கண்ணினுள்ளே இரத்தம் கொட்டுகின்றது. மேலும் இழுத்தால் விழித்திரையே சுவரினின்றும் பெயர்ந்துவிடும். இழுப்பு மஞ்சட்புள்ளிவரை சென்றதாயின், கூர்ந்த பார்வை திரும்பப் பெறுவதற்கு அரிது.

இதற்கு மறுதலையான உண்மை ஒன்றும் உண்டு. கண்ணாடியுடனீர் முழுவதும் முன்னரே கழன்றுவிட்ட கண்ணில், இவ்வாறு புதுக்குழாய்கள் படர்ந்து முற்றுவது அரிது. பற்றுவதற்குப் பந்தல் இல்லையன்றோ? 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரில் றொபேட் மக்கமர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் விழியினுள் நுண்கருவியைச் செலுத்தி, கலங்கிய கண்ணாடியுடனீரை வெட்டியெடுத்து, அவ்விடத்தை உப்புநீரால் நிரப்பும் முறையைத் தொடங்கினார். இரத்தம் நிறைந்து இருண்ட கண்கள் பல அதனால் மீண்டும் ஒளிபெற்றன. இரத்தத்தை அகற்றுவதோடு, இழுக்கும் வலையையும் அகற்றிவிடுவதே அச்சிகிச்சையின் சிறப்பு.

நன்மை செய்யும் முடிச்சு

ஒரே இரசாயனம் ஓரிடத்தில் பகையாகவும் மற்றோரிடத்தில் நட்பாகவும் இருத்தல் இயற்கையின் விந்தை. கருவிழியின் முன்னே பளிங்கு வாயில்போல வளைந்து நிற்கும் விழிவெண்படலமும் கொலாஜனால் ஆனதே. சிலருக்கு இளமையில் இப்படலம் மெலிந்து கூம்புபோலப் புடைத்துப் பார்வையைக் கோணலாக்கும். நீரிழிவுடையோரிடம் இந்நோய் குறைவாகவே காணப்படுகின்றது என்று பல ஆய்வுகள் கூறின. சீனியின் முடிச்சுகள் அப்படலத்தை விறைப்பாக்கியமையே காரணம் என்று கருதினர். இதனை ஒத்த பிணைப்பை வேண்டுமென்றே உண்டாக்க முடியுமா என்று ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர் முயன்றனர். உயிர்ச்சத்து பி2 கரைசலைக் கண்ணில் விட்டு, அளவான புறஊதா ஒளியைப் பாய்ச்சி, கூம்பும் நோயைத் தடுத்து நிறுத்தலாம் என்று 2003ஆம் ஆண்டில் அறிவித்தனர். இன்று பல நாடுகளில் இது வழக்கில் இருக்கின்றது.

விழிவெண்படலத்தின் பெருமையை இலங்கையருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் நிறுவிய கண்தானச் சங்கம், 1964ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்களை அனுப்பியது முதல், எத்தனையோ நாட்டவருக்குப் பார்வை அளித்துள்ளது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தானமாகக் கிடைப்பது முன்வாயிலாகிய அப்படலமே. பெயர்ந்து சிதைந்த விழித்திரைக்கு மாற்றாகப் பிறர் கண்ணிலிருந்து எடுத்துப் பொருத்தும் வழி இல்லை. அதனைக் காத்துக்கொள்வதன்றி வேறு புகல் கிடையாது.

செய்யத் தக்கவை

விழுந்த முடிச்சை அவிழ்க்கும் மருந்து உண்டா என்று வாசகர் கேட்கலாம். சீனிப் பிணைப்புகளைத் தடுக்கவும் அறுக்கவும் வல்ல மருந்துகளைத் தேடிப் பல ஆண்டுகளாக முயன்றுள்ளனர். வழமையான சிகிச்சையாகக் கையாளத்தக்க மருந்து எதுவும் அவ்வழியில் கிடைக்கவில்லை. எனவே முடிச்சு விழாமற் காப்பதும், விழுந்தவற்றால் வரும் தீங்கைக் காலத்தில் தடுப்பதுமே நமக்குரிய இரண்டு வழிகள்.

முதல் வழி யாவரும் அறிந்ததே: சீனியையும் இரத்த அழுத்தத்தையும் வைத்தியர் சொன்ன எல்லையில் வைத்திருத்தல், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல், புகைத்தலை விடுதல். இன்று கட்டுப்படுத்தும் சீனி, இன்றைய நலத்துக்கு மட்டுமன்றி, இருபது ஆண்டு கழித்து வரும் பார்வைக்கும் இட்ட முதலாகும் என்பதே மேற்கூறிய இரசாயனத்தின் பொருள்.

இரண்டாவது வழியைத்தான் நம் மக்கள் பெரும்பாலும் கைவிட்டு விடுகின்றனர். விழித்திரை கெடும்போது நோவு இல்லை; சிவப்பு இல்லை; நெடுங்காலம் பார்வைக் குறைவும் இல்லை. ஆதலின் கண் நன்றாகத் தெரிகின்றதே என்று காத்திருப்போர், இரத்தம் கசிந்த பின்னரே வைத்தியசாலைப் படியேறுகின்றனர். சென்னை நகரில் நடந்து, 2005ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் வெளிவந்த இரு ஆய்வுகளில், நீரிழிவாளர் நூறு பேரில் ஏறத்தாழ 18 பேருக்கு விழித்திரையில் நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. இரண்டாம் வகை நீரிழிவு உடையோர், நோய் தெரிந்த அன்றே கண்ணையும் காட்ட வேண்டும். பின்னர் ஆண்டுதோறும், அல்லது வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் காட்ட வேண்டும். முதலாம் வகை நீரிழிவுடைய இளைஞர், நோய் தொடங்கி ஐந்து ஆண்டுக்குள் இப்பரிசோதனையைத் தொடங்கவேண்டும். நீரிழிவோடு கருவுற்ற பெண்கள் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

பரிசோதனை எளியது. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, வைத்தியர் உள்ளே நோக்குவார். அல்லது கமராவினாற் படம் எடுப்பர். அதன்பின் சில மணி நேரம் எழுத்து மங்கலாகவும் வெளிச்சம் கூசுவதாகவும் இருக்கும். ஆகையால் மோட்டார் சைக்கிளில் தனியே செல்லாது, வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுதல் நன்று. கற்பிட்டி, நுரைச்சோலை போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு ஒருநாட் தொழிலை விட்டுவிட்டுப் புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ சென்றுவருவது சிரமமே. கடலுக்குப் போகாத நாளில் அடுப்பெரிவது எவ்வாறு என்று கேட்போரை நாம் குறைகூறோம். ஆனால் கண்ணிழந்தவர் கடலுக்குப் போகவே இயலாதன்றோ? ஆண்டில் ஒருநாளை இதற்கென ஒதுக்கி, மறவாதிருக்கும் பொருட்டுக் குடும்பத்தில் யாவரும் நினைவில் வைக்கும் ஒரு திருநாளோடு அதனை இணைத்துக்கொள்ளலாம். அன்னையின் திருவிழாவோ, பொங்கலோ, நோன்புப் பெருநாளோ, எதுவாயினும் சரியே.

நோய் காலத்தில் தெரிந்தால் செய்யத்தக்கவை பல உள. விழித்திரையின் ஓரங்களில் லேசர் ஒளியால் சுடுவதன்மூலம் கடும் பார்வையிழப்பின் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்று 1976ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பேராய்வொன்று நிறுவியது. புதுக்குழாய்களை வளர்க்கும் கட்டளையை அடக்கும் ஊசி மருந்துகளும் இன்று உள்ளன. எனினும், கண்முன்னே திடீரெனக் கரும்புள்ளிகள் மழைபோலப் பறந்தாலும், மின்னல்போல ஒளிக்கீற்றுத் தோன்றினாலும், ஒருபுறமிருந்து திரை இறங்குவதுபோல் இருண்டாலும், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருத்தல் கூடாது. அன்றே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வலை இழுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அவையே அறிகுறிகள்.

வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அன்னையிடம் பார்வையை வேண்டும் ஆச்சியைக் கிளினிக்குக்கும் அழைத்துச் செல்வது, அவ்வேண்டுதலை மதித்தலேயாகும். நம் வாசகர்களுள் மாணவராயிருப்போர், தம் வீட்டில் நீரிழிவு உடையவர் யார், அவர் கண்ணைக் கடைசியாகக் காட்டியது எந்த ஆண்டு என்று இன்றே கேட்டறிவார்களாக. நன்றாகத் தெரிகிறது என்று அவர் விடை கூறினால், அக்கண்களையே முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். காப்பாற்றத்தக்கது அவற்றில் முழுவதும் எஞ்சியிருக்கின்றது.